திறக்கப்படாத நிலையத்தின் முதல் பிள்ளை

கண்டல்முனையில் தாய் சேய் நல நிலையம் கட்டி முடிந்து ஒரு மாரி போய் அடுத்த மாரியும் வந்துவிட்டது. கட்டடம் அப்படியே புத்தம் புதிதாக இருந்தது. இருக்காமல் என்ன செய்யும், உள்ளே ஒரு காகத்தைக்கூட விட்டால்தானே. பிள்ளைப்பேற்றுக் கட்டில், பிறந்த பிள்ளையைச் சூட்டில் வைத்திருக்கும் மெசின், ஒட்சிசன் உருளை, கை கழுவும் தொட்டி எல்லாம் பொலித்தீன் சுற்றியபடி உள்ளே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற சனங்கள் கண்ணாடி யன்னலில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். கொடுத்துவைத்த ஊர்.

ஊரின் குடும்பநல உத்தியோகத்தர் கமலாசனி. சனங்கள் அவரை மிஸ் என்று கூப்பிடுவார்கள். பூட்டிய நிலையத்துக்கு முன்னால் நின்ற வேப்பமரத்தின் கீழேதான் அவர் கிளினிக் நடத்தினார். தராசைக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டுப் பிள்ளைகளை நிறுப்பார். மழை வந்தால் எல்லாரும் நிலையத்தின் தாழ்வாரத்துக்கு ஓடுவார்கள். தாழ்வாரமும் திறக்கப்படவில்லைதான், ஆனால் அதற்குக் கதவு இல்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்குப் பணிப்பாளர் சுகிர்தன் பொறுமையாக விளக்கம் சொல்வார். கரையோரத் தாய் சேய் மேம்பாட்டு அலகு என்ற அலுவலகத்துக்கு அவர்தான் தலைவர். கொழும்பிலிருந்து பிரதம விருந்தினர் வந்து நாடா வெட்ட வேண்டும், அவருக்கு இன்னும் நாள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

"விழா வைக்காமல் பாவிச்ச கட்டடம் எச்சில் இலை மாதிரி. பிறகு எந்தப் பெரிய மனிசர் வந்து அதில கை வைப்பார்? நீங்கள் பிள்ளை பெறுறதை ஆரும் மறிக்கேல்லை. இதுக்குள்ள பெறாதேங்கோ எண்டுதான் சொல்லுறம்," என்பார்.

அந்த ஊரில் மெல்ரொன் என்று ஒருவன், களப்பில் இறால் பிடிக்கிறவன். அவனுடைய மனைவி எமில்டா அப்போது பிள்ளைத்தாச்சி. இது இரண்டாவது. முதல் பிள்ளைக்கு அடை மழைக்குள் பேற்றுக் குத்து எழும்பி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக, வழியில் தாழ்பாலமான தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய, பெட்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்து அங்கேயே போய்விட்டது. சாகப்போகிற பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றிப் பேர் வைக்க வேண்டும். குருவானவர் இல்லாவிட்டால் யாரும் ஊற்றலாம். சுற்றிவர வெள்ளம் நின்றும் அந்த நேரம் ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. பேரில்லாத பிள்ளை என்று சேமக்காலையின் ஓரத்தில் குழி வெட்டித் தாட்டார்கள்.

எமில்டா அதை மறக்கவில்லை. இந்த முறை பிள்ளை உயிரோடு தன் கையில் கிடக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியது. நிலையம் அவளுடைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தாம்போதி தாண்டத் தேவையில்லை. ஊரில் எல்லாரையும் விட அந்தக் கதவுக்குக் காத்திருந்தவள் அவள்தான்.

கடைசியில் பிரதம விருந்தினருக்கு நாள் கிடைத்தது. உடனே சுகிர்தனுக்கு ஒரு யோசனையும் கிடைத்தது. விழாவன்றே நிலையத்தில் ஒரு பிள்ளை பிறக்க வேண்டும். நாடா வெட்டி, விளக்கேற்றி, கல்வெட்டுத் திரை நீக்கி, பிள்ளை பிறந்து, விருந்தினர் அதைத் தூக்கிப் படம் எடுத்து, பிறகு தேநீர். பிள்ளை பிறக்கிற நேரத்தை அவர் கல்வெட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் வைத்தார்.

அதற்கு ஒரு முதல் தாய் வேண்டும். ஊரில் இருந்த பிள்ளைத்தாச்சிகள் எல்லாரையும் வேப்பமரத்தடியில் வரிசையாக இருத்தினார்கள். சுகிர்தன் சந்தையில் பூசணிக்காய் பார்க்கிறவரைப் போல ஒவ்வொரு வயிற்றையும் பார்த்துக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு நிதர்சனாவுக்கு நாள் இன்னும் தள்ளி இருந்தது. எமில்டாவுக்கு நாளும் கிட்ட, சிரிக்கச் சொன்னால் பல்லும் வரிசை. அவளைத் தெரிவு செய்துவிட்டார். அழைப்பிதழிலேயே அவளுடைய படம் வந்தது.

பிள்ளை நாளுக்கு முந்திவிட்டால் என்ன செய்வது என்று எமில்டா கேட்டாள். முந்தக் கூடாது, அதற்குத்தான் பயிற்சி தருகிறோம் என்றார் சுகிர்தன்.

பயிற்சி என்றால் சும்மா இல்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பொம்மைப் பிள்ளை வந்திருந்தது. நீலக் கண், சிவந்த கன்னம், உண்மையான பிள்ளையின் பாரம். அதற்கும் பொலித்தீன் சுற்றியிருந்தது. விருந்தினர் வருகிறவரைக்கும் பொலித்தீனைக் கழற்றக் கூடாது என்பதால் தாய் தகப்பன்மார் அதைத் தண்ணீர் இல்லாமல்தான் குளிப்பாட்டிப் பழக வேண்டும். வெறும் பேசினுக்குள் வெறும் கையைத் தோய்த்து, இல்லாத தண்ணீரை அள்ளி, பொலித்தீனுக்கு மேலால் ஊற்றினார்கள். மெல்ரொனும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலில் இருந்து குளிப்பாட்டினான். தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தான். சூடு சரியா என்று கேட்டார்கள். சரி என்றான். பாவம், வேறு என்ன சொல்வான்.

ஒருநாள் பொம்மை அவனுடைய கையிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது. சுகிர்தன் கதிரையிலிருந்து எழும்பி ஓடிவந்து அதைத் தூக்கித் தலையைத் தடவிப் பார்த்தார்.

"மெல்ரொன், பிள்ளை எண்டால் திரும்பவும் பெறலாம். இது பழுதானா வேறை எடுக்க ஏலாது."

மெல்ரொன் மன்னிப்புக் கேட்டான்.

பிறகு பை. பிள்ளைக்குரிய புது உடுப்பெல்லாம் ஒரு பையில் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும் என்று அலகு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கண்டல்முனையில் பிள்ளை பிறக்க முன் ஒருவரும் புது உடுப்பு எடுப்பதில்லை, தைப்பதுமில்லை. பழைய சேலைத் துண்டுகளைத் தோய்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். ஏற்கெனவே ஒரு பிள்ளையைத் தாட்ட எமில்டாவுக்குப் புதுத்துணியைத் தொடவே பயமாக இருந்தது. பை இல்லாவிட்டால் முதல் தாய் இல்லை என்றார்கள். அவள் பயந்து பயந்து மெல்ரொனின் பழைய பூசைச் சட்டையை வெட்டி ஒரு தொப்பி தைத்தாள். விளிம்பில் நீல நூல் ஓடியது. பழைய துணியில் தைத்ததால் குற்றமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விழாவுக்கு முதல்நாள் ஒத்திகை. பள்ளிக்கூடத்துப் பாண்ட் வாத்தியக் குழு, பூத் தூவுகிற பிள்ளைகள், கைதட்டுகிற சனங்கள், எல்லாருக்கும் சுகிர்தன் நேரில் நின்று பழக்கினார். கதவுக்குக் குறுக்கே ஒரு கயிறைக் கட்டி அவிழ்த்து, கட்டி அவிழ்த்து, பின்னேரம் முழுவதும் இதே வேலை.

"கண்ணை நாடாவில வைச்சிருங்கோ. நாடா விழுந்தால் அடியுங்கோ, தூவுங்கோ, தட்டுங்கோ. ஆளைப் பாத்துக்கொண்டு நிக்காதேங்கோ," என்றார். சனங்கள் நன்றாகப் பழகிவிட்டார்கள்.

விழாவன்று விடியவே எமில்டாவுக்குக் குத்துத் தொடங்கியது. சுகிர்தனின் முகத்தைப் பார்க்க வேண்டும். பயிற்சியின் பலன் என்று கமலாசனியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எமில்டாவைப் பந்தலில் முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள், விருந்தினர் வந்தவுடன் அவருக்கு முதல் தாய் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக. வாசலில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு நிறுத்தியிருந்தது. கதவுக்குக் குறுக்கே சிவப்பு நாடா. கதவில் ஆமைப்பூட்டு. அந்தப் பூட்டின் திறப்பு மட்டும் ஊரில் இல்லை. விருந்தினரைச் சந்தியில் வரவேற்று ஊர்வலமாகக் கூட்டிவருவதற்குப் பூச்சோடித்த அம்புலன்ஸ் போயிருந்தது. அதற்குள் வெள்ளித் தட்டில் வெற்றிலைக்கு மேல் திறப்பு இருந்தது. ஊரில் இருந்த ஓட்டோக்கள் எல்லாம் ஊர்வலத்துக்குப் பின்னால் போய்விட்டன.

விருந்தினர் செட்டிகுளத்தில் ஒரு கிணறு திறக்கிறார் என்று தகவல் வந்தது. பிறகு பூவரசங்குளத்தில் அடிக்கல் நாட்டுகிறார் என்று வந்தது. பிறகு பரந்தனைத் தாண்டிவிட்டார் என்று வந்தது. அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் அவர் பரந்தனைத் தாண்டிக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் மழை தொடங்கியது. எமில்டா கதிரையின் பிடியைப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கினாள். பக்கத்தில் ஒலிவாங்கி இருந்ததால் சத்தம் ஒலிபெருக்கியில் போய் வரவேற்புப் பாடல் ஒத்திகையைக் குழப்பியது. முன்வரிசையில் இருப்பவர்கள் அமைதி காக்குமாறு அறிவிப்பாளர் அன்பாகக் கேட்டுக்கொண்டார்.

கமலாசனி அவளைத் தேநீர்க் கொட்டிலுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுச் சுகிர்தனிடம் ஓடினார். பிள்ளை வரப்போகிறது, பூட்டை உடையுங்கள் என்று கேட்டார். சுகிர்தன் கோபப்படவில்லை. அவர் படித்தவர்.

"மிஸ், உணர்ச்சிவசப்படாதேங்கோ. இண்டைக்கு ஒரு தாய்க்காகப் பூட்டை உடைச்சால் நாளைக்கு எல்லாத் தாய்மாரும் வருவினம். பிறகு இது ஒரு ஆஸ்பத்திரி மாதிரிப் போயிடும்," என்றார். பிறகு கொட்டில் வாசலில் நின்று எமில்டாவுக்கும் ஆறுதல் சொன்னார். "பிள்ளை, நீங்கள் முந்தியும் ஒருக்காப் பெத்தனீங்கள்தானே, அனுபவம் இருக்கு. ஒரு அரை மணித்தியாலம் சமாளியுங்கோ. அவர் பரந்தனைத் தாண்டிட்டார்."

பிள்ளை சமாளிக்கவில்லை. விருந்தினர் மேசைக்கு வைத்திருந்த வெள்ளை விரிப்பில், தேநீர்க் கேத்தலுக்கும் பலகாரத் தட்டுகளுக்கும் நடுவில் பிறந்தது. பெண் பிள்ளை. நீலமாக இருந்தது. அழவில்லை. கமலாசனி வாயைத் துடைத்தார், உள்ளங்காலில் தட்டினார், முதுகைத் தேய்த்தார், தன் வாயால் ஊதினார். நெஞ்சு ஒருக்கால் எழும்பியது. கொட்டிலுக்குள் ஈரக்காற்று நாலு பக்கமும் அடித்தது.

"சூடு வேணும், ஒட்சிசன் வேணும். எல்லாம் உள்ளுக்குக் கிடக்கு," என்றார் மெல்ரொனைப் பார்த்து.

மெல்ரொன் ஓடினான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கமலாசனி பின்னால் ஓடினார். நாடா அவனுடைய நெஞ்சில் பட்டு அறுந்து விழுந்தது.

நாடா விழுந்ததும் பாண்ட் வாத்தியம் முழங்கியது. பிள்ளைகள் பூத் தூவினார்கள். பந்தலில் இருந்த சனங்கள் எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். ஒருவரும் ஆளைப் பார்க்கவில்லை. அவ்வளவு நல்ல பயிற்சி. மெல்ரொன் தலையெல்லாம் பூவோடு கதவில் தோளால் இடித்தான். இரண்டாவது இடியில் பூட்டு இருந்த இடத்தில் இருக்க, கதவின் பலகை பிய்ந்து வந்தது.

உள்ளே சூட்டு மெசினில் பொம்மை படுத்திருந்தது. கமலாசனி அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பொலித்தீனைக் கிழித்து, பிள்ளையைக் கிடத்தி, மெசினின் ஆளியைப் போட்டார். எரியவில்லை. கட்டடத்துக்கு இன்னும் மின்சாரம் இல்லை. திறந்த பிறகு விண்ணப்பிப்பதாக இருந்தார்கள். ஜெனரேற்றரின் வயர் ஒலிபெருக்கிக்குப் போயிருந்தது. ஒட்சிசன் உருளையைத் திருகினார். அழகாக வர்ணம் பூசிய வெறும் உருளை. இதற்குத்தான் பூட்டு.

கமலாசனி பிள்ளையை எடுத்து மெல்ரொனின் கையில் கொடுத்தார். கொட்டிலிலிருந்து எமில்டாவின் குரல் பாண்டுக்கு மேலால் கேட்டது.

"தண்ணி ஊத்துங்கோ. இவளையும் பேரில்லாமல் விடாதேங்கோ."

தண்ணீர் எங்கே? கை கழுவும் தொட்டிக் குழாயில் காற்றுத்தான் வந்தது. மெல்ரொன் வாசலுக்கு வந்தான். நிறைகுடத்தின் தேங்காயைத் தூக்கி எறிந்தான், மாவிலையை எறிந்தான், உள்ளே கையை விட்டுத் தண்ணீரை அள்ளினான். முழங்கையால் சூடு பார்க்கவில்லை.

"செலஸ்ரினா, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்," என்று தலையில் ஊற்றினான்.

அந்த ஈரத்தோடு பிள்ளை ஒருக்கால் வாயைத் திறந்தது. பிறகு மூடவில்லை. பாண்ட் வாத்தியம் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பாட்டு முடிய வேண்டும்தானே.

சுகிர்தன் ஓடிவந்தார். பிய்ந்த கதவைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், கலைந்த நிறைகுடத்தைப் பார்த்தார். உள்ளே போய்த் தரையில் கிடந்த பொம்மையைத் தூக்கித் தலையைத் தடவினார். அந்த நேரம் பார்த்து விருந்தினர் பரந்தனில் வயிற்றுக் குழப்பம் ஏற்பட்டுத் திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. மங்கலப் பொருளில் கை வைத்தால் இப்படித்தான் என்று சுகிர்தன் நிறைகுடத்தைக் காட்டிச் சொன்னார். சனங்களில் சிலர் தலையாட்டினார்கள்.

மறுநாள் அவர் செத்த வீட்டுக்கு வந்தார். கமலாசனியையும் கூட்டி வந்தார். மெல்ரொனைப் பக்கத்தில் இருத்தித் தோளில் கை வைத்தார்.

"யோசிச்சுப் பாருங்கோ தம்பி. நிலையம் இன்னும் திறக்கப்படேல்லை. திறக்காத நிலையத்தில ஒருத்தரும் பிறக்கவும் ஏலாது, சாகவும் ஏலாது. அப்ப நேற்று இஞ்சை ஒண்டுமே நடக்கேல்லை. இதை நீங்கள் ஒரு ஆறுதலா எடுக்கவேணும்."

மெல்ரொன் விளங்காமல் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மடியில் கிடந்ததுதான் தெரிந்தது.

செலஸ்ரினாவைப் பேரோடு தாட்டார்கள். ஒரு கிழமை கழியவில்லை, சுகிர்தன் கமலாசனியோடு மீண்டும் வந்தார். விருந்தினர் உடனே வேறு நாள் தந்துவிட்டார். பெரிய மனது. அழைப்பிதழில் எமில்டாவின் படம் இருப்பதால் முதல் தாய் அவள்தான், அதில் மாற்றமில்லை. பிள்ளைக்குப் பதிலாகப் பொம்மை. கட்டிலில் அதை வைத்துக்கொண்டு இருந்தால் போதும். மெல்ரொன் மட்டும் வளவுக்குள் வரக் கூடாது, நாடாவைக் கண்டால் அவன் என்ன செய்வான் என்று சொல்ல ஏலாது.

எமில்டா மாட்டேன் என்றுதான் சொன்னாள். அவர் அதற்கும் கோபப்படவில்லை. முதல் தாய் இல்லாவிட்டால் விழா இல்லை, விழா இல்லாவிட்டால் நிலையம் அடுத்த மாரிக்கும் பூட்டித்தான் கிடக்கும் என்று நிதானமாகச் சொன்னார். வேலிக்கு அங்கால் நிதர்சனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எமில்டா அவளைப் பார்த்தாள். பிறகு வருகிறேன் என்றாள்.

போகும்போது கமலாசனி தலையைக் குனிந்துகொண்டு பையிலிருந்த தொப்பியைக் கேட்டார். பொம்மையின் தலை வெறுமனே இருக்கிறதாம், சும்மா கிடக்கிற தொப்பிதானே என்று சுகிர்தன் சேர் சொன்னாராம். இடமாற்றத்துக்குப் பயந்தவர் கமலாசனி, அவரை என்னத்தைச் சொல்ல. எமில்டா எடுத்துக் கொடுத்தாள்.

விழா திறமாக நடந்தது. விருந்தினர் நேரத்துக்கு வந்தார். புது நாடா, புதுக் கதவு, புது நிறைகுடம். பாண்ட் அடித்தது, பூ விழுந்தது, சனங்கள் தட்டினார்கள். உள்ளே ஜெனரேற்றரில் விளக்குகள் எரிந்தன. விருந்தினர் தன் கையால் ஒவ்வொன்றாகப் பொலித்தீனைக் கழற்றினார். கட்டிலில் எமில்டா நீலக் கண் பொம்மையை நெஞ்சோடு அணைத்தபடி இருந்தாள். தலையில் தொப்பி, விளிம்பில் நீல நூல். மெல்ரொன் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எமில்டாவின் உடம்புக்குப் பொம்மை என்று தெரியவில்லை. பிள்ளையின் பாரம், பிள்ளையின் தொப்பி. சட்டையின் முன்பக்கம் நனைந்து பால் வடியத் தொடங்கியது. அவள் மறைக்கப் பார்த்தாள். படம் எடுக்க வேண்டாம் என்று சுகிர்தன் படப்பிடிப்பாளருக்குக் கண் காட்டினார். ஆனால் விருந்தினர் கண்டுவிட்டார். அவருடைய முகம் மலர்ந்தது. ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"நான் எத்தனையோ நிலையங்களைத் திறந்து வைத்திருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஒரு பொம்மையைக் கையில் கொடுத்தாலே தாய்க்குப் பால் சுரக்கும் அளவுக்கு இங்கே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இனி உண்மையான ஒரு பிள்ளை வந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்."

பந்தல் அதிரக் கைதட்டல். விருந்தினர் குனிந்து எமில்டாவிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டு ஒலிவாங்கியை நீட்டினார்.

"என்ரை பிள்ளைக்குச் செலஸ்ரினா எண்டு பேர்," என்றாள் எமில்டா.

"செலஸ்ரினா! எவ்வளவு நல்ல பேர்," என்று விருந்தினர் பொம்மையின் நெற்றியில் கொஞ்சினார். மீண்டும் கை தட்டினார்கள். சுகிர்தன் அந்த இடத்திலேயே பொம்மையின் கழுத்தில் பேர் எழுதித் தொங்கவிட ஏற்பாடு செய்தார். விருந்தினர் வைத்த பேர், மாற்ற ஏலாது.

தேநீர் முடிந்து வாகனங்கள் போன பிறகு, பொம்மைக்கு மறுபடியும் பொலித்தீன் சுற்றிக் கதவைப் பூட்டினார்கள். கதவு இனித் திறந்திருக்கும்தானே, நிதர்சனாவுக்கு நாள் கிட்டுது என்று எமில்டா கேட்டாள்.

"திறக்கிறது வேறை, கையளிக்கிறது வேறை பிள்ளை," என்றார் சுகிர்தன். "கையளிப்பு விழாவுக்கு நாள் கேட்டிருக்கிறம். நிதர்சனாவை ஒருக்கா வரச் சொல்லுங்கோ, சிரிச்சால் எப்பிடியெண்டு பாப்பம்."

இப்போது புதன்கிழமைகளில் வேப்பமரத்தடியில் வகுப்பு நடக்கிறது. நிதர்சனாவும் புருசனும் முழங்காலில் இருந்து பழகுகிறார்கள். கமலாசனி பொம்மையின் பேரைச் சொல்ல வேண்டிய இடம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். சுகிர்தன் தாழ்த்துவதில்லை. எமில்டாவின் வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. குசினிக்குள் நின்றாலும் கேட்கும்.

"செலஸ்ரினாவின்ரை தலையைப் பிடியுங்கோ. மெல்லமா. செலஸ்ரினாவை விழுத்திப்போடாதேங்கோ. தண்ணி மட்டும் ஊத்தக் கூடாது."